பார்க்க மட்டும்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃப்ளாட்டில் உட்கார்ந்தபடி, வேறு மாநிலத்தில் ஒரு மலைமேல் இருந்த ரேடியோ தொலைநோக்கியை இயக்குவதற்கான கணினித் திரைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். பலத்த காற்று வந்தால், கிண்ணம் போன்ற அந்தப் பெரிய ஆன்டெனா சாய்ந்திருக்கக் கூடாது; நேராக வானத்தைப் பார்த்து நிமிர்ந்துவிட வேண்டும். அதற்காகவே திரையில் ஒரு சிவப்பு பட்டன் வைத்திருந்தேன்.

சோதனை நடந்த ஒரு மதியம், அங்கே காற்றின் வேகம் ஏறிக்கொண்டே போவதை என் திரையில் பார்த்தேன். ஆபரேட்டர் போன் செய்தார்.

"மேடம், பட்டனை அமுக்கிட்டேன். ஆன்டெனா அசையவே மாட்டேங்குது. மோட்டார் சிக்கிக்கிச்சு போல."

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ செஞ்ச பட்டன்தானே, இங்கேருந்து நீயே ஏதாவது பண்ணேன்."

"என்னால இங்கேருந்து பார்க்க மட்டும்தாங்க முடியும்" என்றேன்.

மோட்டாரைக் கையாலேயே சுழற்றி ஆன்டெனாவை நிமிர்த்த முயல்கிறோம் என்று சொல்லிவிட்டு, ஆபரேட்டர் போனை மேஜைமேல் வைத்துவிட்டு இன்னொருவரோடு வெளியே ஓடினார். போனில் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. எங்கள் ஜன்னல் திரைச்சீலைகூட அசையவில்லை. அவர்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து ஆபரேட்டர் மூச்சிரைக்கப் பேசினார். "எங்களுக்கு ஒண்ணும் ஆகல மேடம். ஆன்டெனாதான் ஒரு பக்கம் வளைஞ்சிடுச்சு."

"சரிங்க" என்றேன். என் திரையில் ஆன்டெனாவின் படம் நான் வரைந்த மாதிரியே முழு வட்டமாக இருந்தது.