பூமணியக்கா மடியில் செருகிக்கொண்டு போன கயிறு

பூமணியக்கா போய்விட்டார். விடிய போனைத் திறந்தால் ஊரில் எங்கள் காணியைப் பார்க்கும் என் மருமகன் வாட்ஸப்பில் ஒற்றை வரி.

யாழ்ப்பாணத்து அரியாலையில் எங்களுக்கும் அவருக்கும் ஒரே கிணறு. பங்குக் கிணறு. ஒருநாள் இறைப்பு அவருக்கு, மறுநாள் எங்களுக்கு.

தயவுசெய்து 'தங்கமான மனுஷி' என்று கீழே கமெண்ட் போடாதீர்கள். அந்த நாளில் எனக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது.

தொண்ணூறுகளின் தொடக்கம், பொருளாதாரத் தடை. ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எடுக்க நாய்படாப் பாடு. அதை ஊற்றித் தண்ணீர் இறைக்கும் மெஷினை ஸ்டார்ட் பண்ணினால் அரைமணித்தியாலத்தில் அக்கா வந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பார்.

உள்சுவரில் ஒரு கறுப்புக் கல் துருத்திக்கொண்டு நிற்கும். தண்ணீர் இறங்கி அந்தக் கல் தெரிந்தால் இறைப்பு நிற்கவேண்டும், யார் முறையானாலும். அவருடைய அப்பு காலத்துச் சட்டம்.

"நிப்பாட்டடா தம்பி! உதுக்குக் கீழை கிடக்கிறது எங்கடை தண்ணியில்லை, கடலின்ரை தண்ணி."

"வெங்காயம் வாடுது அக்கா..."

"வாடட்டும். விடிய ஊறும், பிறகு இறை."

சொல்லிவிட்டு மெஷினை நிற்பாட்டி, ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை மடியில் செருகிக்கொண்டு போய்விடுவார். கயிறு இல்லாவிட்டால் மெஷின் வெறும் இரும்பு.

ஏ.எல். பயோ படித்த எனக்குக் கல்லைக் காட்டிப் பாடம் எடுக்கிறாவாம்! பத்திக்கொண்டு வரும்.

ஒரு ஆவணி மாதம். அக்கா மிளகாய் விற்கக் கொடிகாமம் சந்தைக்குப் போயிருந்தார், கயிறும் அவரோடு. அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துக் கயிறாகத் திரித்தேன்... மண்ணெண்ணெய் முடியும் வரை இறைத்தேன். கல்லுக்குக் கீழே ஓராள் ஆழம் போயிருக்கும்.

விடியப் பார்த்தால் கல்லை மூடித் தண்ணீர் ஊறி நின்றது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. நான் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன்... உவர்.

அன்றைக்கு அக்காவின் முறை. ஒன்றும் தெரியாமல் தன் மிளகாய்க்கு அதே தண்ணீரை இறைத்தார். நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கிழமையில் அவருடைய மிளகாய் இலை கொட்டியது, எங்கள் வெங்காயத்தாள் நுனி கருகியது. அக்கா கிணற்றடிக்கு வந்து ஒரு கை அள்ளிக் குடித்தார், துப்பினார், என்னைப் பார்த்தார்.

"நான் இல்லாத நேரம் இறைச்சனியோ?"

"இல்லையக்கா. உது வறட்சி."

"ஓம்... வறட்சியாக்கும்."

அவ்வளவுதான். ஏசியிருந்தாலாவது பரவாயில்லை!

மாரி மழை வரும்வரை கோயில் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார். ஒவ்வொரு நாளும் ஒரு குடம் எங்கள் வாசலிலும் இருக்கும். அதையும் வெட்கமில்லாமல் குடித்தேன்.

பிறகு தொண்ணூற்றைந்து இடப்பெயர்வு... நான் வெளிநாடு. போனில் எத்தனை தடவை கதைத்திருப்பேன். மழை பெய்ததா, மிளகாய் என்ன விலை என்றுதான் கேட்டேன்.

இப்போது அந்தக் கிணற்றில் இரண்டு கரண்ட் மோட்டர். ஒன்று மருமகனுடையதுதான். சுவிட்சைத் தட்டினால் ஓடும், யாரும் மடியில் செருகிக்கொண்டு போகக் கயிறு இல்லை. தண்ணீர் வாயில் வைக்க ஏலாதாம்.

அக்காவைக் குளிப்பாட்டப் பவுசர் லொறியில் தண்ணீர் எடுப்பித்தார்களாம். அதையும் அவன்தான் எழுதுகிறான், ஏதோ பெரிய உதவி செய்த மாதிரி.

அட சீ...

அது வறட்சி இல்லையக்கா. நான்தான் இறைச்சனான்.

போயிட்டு வாங்கோ.