கொள்ளிடத் திட்டில் நாலு நாள் முழுக்கு

அன்றைக்குத் திட்டில் இருந்தவர்கள் ஒன்பது பேர். அரியலூர் காண்ட்ராக்டர். அவர் சம்சாரம். சம்சாரத்தின் அண்ணன். திருச்சியிலிருந்து வந்திருந்த சிநேகிதர்கள் இரண்டு பேர், ஒருவர் வக்கீல், இன்னொருவர் மரவாடி முதலாளி. சமையல்காரர். பரிசல்காரர். நான். என் மச்சினன், அதாவது என் வீட்டுக்காரியின் தம்பி. பத்தாவது ஆள் கிடையாது. ஒன்பது பேருக்கும் கண்ணும் காதும் நன்றாகவே இருந்தன. நடந்ததை நான் திரித்துச் சொல்வதாக எவனாவது பேசினால், மற்ற எட்டுப் பேரில் இன்றைக்கு இருக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தொழில், கிணற்றில் முங்குவது. எங்கள் குரும்பலூர் பக்கம் கிணறுகள் ஆழம். குடம் விழும், தோண்டி விழும், சில நேரம் கழுத்துச் சங்கிலியே விழும். பாதாளக் கரண்டிக்குச் சிக்காததை நான் முங்கி எடுத்துக் கொடுப்பேன். தங்கம் விழுந்த கிணற்றில் ஒருவனைத் தனியே இறக்கிவிட்டு மேலே நிற்கிறவர்கள் எதை நம்பி நிற்கிறார்கள்? அவன் கையை நம்பித்தான். ஒரு தடவை திருடன் என்று பேர் வந்துவிட்டால், அப்புறம் எந்தக் கிணற்றுக்கும் கூப்பிட மாட்டார்கள்.

இத்தனைக்கும் நான் பயந்தாங்கொள்ளி. கயிறு அறுந்தால் என்ன ஆகும், அடியில் பாம்பு கிடந்தால் என்ன ஆகும், மேலே நிற்பவன் தும்மினால் என்ன ஆகும் என்று முந்தின ராத்திரியே தூக்கம் போய்விடும். அந்தப் பயத்துக்கு எங்கள் ஆட்கள் ஒரு மருந்து வைத்திருந்தார்கள். முங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அக்கா தாலியறுக்கச் சம்மதிக்கிற தம்பி கிடையாது என்பது கணக்கு.

யுத்த காலம் அது. காண்ட்ராக்டர் பட்டாளத்துக்கு மூங்கிலும் கூடாரக் கம்பும் கொடுத்து ஒரே மூச்சில் பெரிய மனிதர் ஆகியிருந்தார். திருமானூருக்கு எதிரே, கொள்ளிடத்துக்கு நடுவில் இருந்த திட்டில் தை மாதம் நாலு நாள் உல்லாசமாக இருக்க ஏற்பாடு செய்தார். கூடாரம், மெத்தைக் கட்டில், கிராமபோன், மரத்தூளில் புதைத்துக் கொண்டுவந்த ஐஸ்கட்டி, வேளைக்கு ஒரு கறி. திட்டின் வடக்கே ஒரு மடு. இரண்டு ஆள் ஆழம். அந்த மடுவில் தண்ணீருக்கு அடியிலேயே நடந்து பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகத் திருச்சியில் ஒரு பித்தளை அண்டாவைக் கவிழ்த்து, முன்பக்கம் கண்ணாடி வைத்து, தலையில் மாட்டிக்கொள்கிற மாதிரி செய்து வாங்கியிருந்தார். லாரிக்குக் காற்றடிக்கிற பம்பிலிருந்து அண்டாவுக்கு ஒரு ரப்பர் குழாய்.

மடுவைப் பார்த்துச் சொல்லவும் பம்பு அடிக்கவும் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் அரியலூர் வந்து, அங்கிருந்து வண்டியில் போனோம். முழுக்குக்கு நாலணா, பம்பு அடிக்கிற அன்றைக்கு ஒரு ரூபாய் என்று பேச்சு.

போன பிறகுதான் தெரிந்தது, முதல் மூன்று நாள் நாங்கள்தான் வேடிக்கை. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெள்ளி டம்ளரை மடுவில் வீசுவார்கள். நான் முங்கி எடுக்க வேண்டும். எத்தனை எண்ணுவதற்குள் வருவேன் என்று வக்கீலும் மரவாடியும் பந்தயம் கட்டுவார்கள். மச்சினன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து காண்ட்ராக்டர் சிரித்தார்.

"எதுக்குடா இந்தப் பொடியன்?"

வழக்கத்தைச் சொன்னேன்.

"அப்படின்னா நான் எறங்கறப்ப என் மச்சான்தான் புடிக்கணுமா? கேட்டீங்களா மச்சான், என் உசுரு உங்க கையில!"

"ஒங்க உசுரு எதுக்கு மாப்ளே, ஒங்க சாவிக்கொத்தக் குடுங்க போதும்" என்றார் சம்சாரத்தின் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் எட்டாவது முழுக்குக்கு, காண்ட்ராக்டர் தன் வெள்ளி வெற்றிலைப் பெட்டியையே வீசினார். அது பாறைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. முங்கினேன். அங்கே சேறு. கை விட்ட உடனே தண்ணீர் குழம்பிவிட்டது. மேலே வந்து, "சேத்துல எறங்கிருச்சுங்க. தெளியட்டும், காலையில எடுத்துத் தரேன்" என்றேன்.

"காலையிலயா? ராத்திரி நீயே வந்து எடுத்துட்டுப் போறதுக்கா?"

"அய்யோ, இல்லீங்க."

"அவுத்துக் காட்டுடா கோமணத்த."

அவர் சம்சாரம், அந்த அம்மாள், எழுந்து கூடாரத்துக்குள் போனார்கள். நான் காட்டினேன். என் மச்சினனையும் காட்டச் சொன்னார். அவனும் காட்டினான். வக்கீல் வேறு பக்கம் பார்த்தார். "திருட்டுப் பசங்க. திருச்சியிலேருந்து பெரம்பலூர் வரைக்கும் சொல்லி வைக்கிறேன், எந்தக் கெணத்துல எறங்கறீங்க பாக்கலாம்" என்றார் காண்ட்ராக்டர்.

நாலாம் நாள் காலையில் அவர் இறங்கினார். இடுப்பில் எடைக்கல் கட்டியிருந்தது, தலையில் அண்டா. பம்பில் நான். கயிற்றை எடுக்கப் போன மச்சினனை அவர் தடுத்தார்.

"திருட்டுக் கை என் கயித்துல படக்கூடாது. மச்சான், நீங்க வாங்க."

"ரெண்டு தடவ இழுத்தா மேல தூக்கணும்ங்க" என்று நான் அண்ணனிடம் ஆரம்பித்தேன்.

"மாட்டுக் கயிறு புடிக்கிறவன்டா நான். எனக்குப் பாடம் எடுக்கறியா?"

பம்பை அடிக்கத் தொடங்கினேன். அவர் இறங்கிப் பாறைப் பக்கம் நடந்தார். குமிழி போன திசையை வைத்துப் பார்த்தேன், சேற்றுக்கே போகிறார். கொஞ்ச நேரத்தில் கயிறு இரண்டு தடவை வெட்டி இழுத்தது. அண்ணன் கயிற்றை இன்னும் விட்டுக்கொடுத்தார். மறுபடியும் இரண்டு. மறுபடியும் விட்டுக்கொடுத்தார்.

"அண்ணா, அவரு இழுக்கற மாதிரி இருக்கே" என்றார்கள் அந்த அம்மாள்.

"வெளையாடறாரும்மா. நல்லா நடக்கட்டும்."

மச்சினன் என் காதில் சொன்னான்: "மாமா, ரெண்டு இழுப்பு."

"அது நம்ம கயிறா?" என்றேன்.

பம்பை நான் நிறுத்தவில்லை. காற்று ஒழுங்காகப் போனது. அதில் என்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பம்பின் அடியை முப்பது வரை எண்ணினேன். ஒவ்வொரு அடிக்கும் அவர் கீழே அண்டாவுக்குள் என்ன நினைத்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு அது இனித்தது. முப்பத்தோராவது அடியில் என் பயம் என்னை ஜெயித்துவிட்டது. செத்தால் என்னைத்தானே கட்டிவைத்து அடிப்பார்கள்! "இழுங்க, இழுங்க!" என்று கத்தினேன். ஐந்து பேர் சேர்ந்து இழுத்தார்கள்.

கரையில் கிடந்து வாந்தி எடுத்தார். கண் பிதுங்கியிருந்தது. "முட்டி வரைக்கும் சேறு, மச்சான், முட்டி வரைக்கும்" என்று அழுதார். அப்போதே எனக்குப் புரிந்தது. அவரைப் பிடித்த சேறுதான் பெட்டியையும் பிடித்திருக்கிறது.

யாரையும் கேட்கவில்லை. கயிற்றைக் கட்டிக்கொண்டேன், மச்சினன் பிடித்தான். அவர் கால் மிதித்துக் கிளறிய குழியில் கையைத் தோள் வரை விட்டேன். இரண்டாவது முழுக்கில் விரலில் பட்டது. மேலே வந்து, கரைக்கு வராமல் நடு மடுவில் நின்று நீந்திக்கொண்டே பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.

"பெட்டி எங்கங்க இருந்துச்சு? எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க. சொன்னாத்தான் கரைக்கு வருவேன்."

வக்கீல்தான், "சொல்லிருங்க, சார்" என்றார்.

காண்ட்ராக்டர் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆத்துலதான் கெடந்துச்சு. நீ எடுக்கல. போதுமா?"

போதும். கரைக்குத் திரும்பினேன். இரண்டு கை வீச்சு நீந்தியிருப்பேன். அவர் சிநேகிதர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டு, "சரி கொண்டாடா, திருட்டுப்பயலே" என்றார். மரவாடியும் சிரித்தார்.

கை விரிந்தது. பெட்டி மடுவின் ஆழத்துக்குப் போனது. கை வழுக்கிவிட்டது என்று அன்றைக்குச் சொன்னேன். வழுக்கவில்லை. நான்தான் விரித்தேன். அவர் பார்க்கும்படி ஒவ்வொரு விரலாக விரித்தேன்.

"கூலி கெடையாது! பெட்டிக்கும் அதுக்கும் சரியாப் போச்சு!" என்று கத்தினார். மச்சினனோடு பரிசலில் ஏறினேன். எங்களைக் கரை சேர்த்த பரிசல்காரரே அந்த வாரம் திருமானூர் முழுக்கக் கதையைச் சொல்லிவிட்டார். சமையல்காரர் அரியலூரில் சொன்னார். அவர்கள் வாயால் சொன்னது காண்ட்ராக்டர் சொல்லி வைத்ததை முந்திக்கொண்டது. மாசி பிறக்கும் முன்பே பெரம்பலூரில் ஒரு வீட்டில் நகை விழுந்து என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

மறு வருஷம் காண்ட்ராக்டர் ஒரு ஆளிடம் மூன்று ரூபாய் கொடுத்தனுப்பினார், பேச்சை இத்தோடு விட்டுவிடு என்று. கூலியில் பாதியை வாங்கிக்கொண்டால், பெட்டிக்கு நான் பொறுப்பு என்று பாதி ஒப்புக்கொண்ட மாதிரி. திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நான் அழவில்லை. அவருக்கு மகன் இருக்கிறான், மாடி வீடு இருக்கிறது. நாலணா வீதம் இருபத்துமூன்று முழுக்கு, பம்பு அடித்ததற்கு ஒரு ரூபாய். கடைசி நாள் முங்கியது என் பேருக்காக, அதைச் சேர்க்கவில்லை. எனக்கு வரவேண்டியது ஆறு ரூபாய் பன்னிரண்டணா.