சீமெந்து முற்றத்துக் கள்ளிகள்

எங்கள் முற்றத்துக்குச் சீமெந்து போட்டது அழகுக்காக இல்லை, கம்பிக்குப் பயந்து.

போர்க்காலத்தில் திருகோணமலையில் இராணுவச் சுற்றிவளைப்பு என்றால், தேடுதலுக்கு வருபவர்களில் ஒருவர் கையில் நீட்டுக் கம்பி ஒன்று இருக்கும். வீட்டுக்குள்ளே அலுமாரி, அரிசிப் பானை, சாமிப்படத்தின் பின்பக்கம் எல்லாவற்றையும் கிளறி முடித்ததும் வளவுக்குள் இறங்கி நிலத்தைக் குத்திப் பார்ப்பார்கள். மண் இளகிக் கிடக்கும் இடமெல்லாம் அவர்களுக்குச் சந்தேகம்தான். வாழைக்குட்டி வைத்த இடம், குப்பை புதைத்த இடம், பக்கத்து வீட்டு நாய் பிறாண்டிய இடம், ஒன்றும் தப்பாது. "இங்க என்ன தாட்டு வைச்சிருக்கு?" என்று கேட்பார்கள். உடனே என் கணவருக்கு வாய் குழறும். துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்த அப்பாவி மனிசன். வாழ்க்கையில் ஒரு செத்த பூனையைத் தவிர வேறொன்றையும் தாட்டறியாதவர், கொலை செய்து புதைத்தவனைப் போல முழிசிக்கொண்டு நிற்பார். அந்த முழியைப் பார்த்தே இன்னும் இரண்டு இடத்தில் குத்துவார்கள்.

இதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம்தான் சீமெந்து. நான் ஓம் என்றது படலையிலிருந்து வாசற்படி வரைக்கும் ஒரு நடைபாதைக்குத்தான். தம்பலகாமத்தில் என் சித்தியின் செத்தவீடு வந்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை அங்கே நின்றுவிட்டு வந்து படலையைத் திறக்கிறேன், என் செவ்வரத்தைச் செடிகளையும் காணோம், நந்தியாவட்டையையும் காணோம். மதிலிலிருந்து மதில் வரைக்கும் வெள்ளையும் சாம்பலுமாக ஒரே சீமெந்து. மேசன்மார் தேய்த்து முடித்து, நன்றாகக் காய்ந்தும் போயிருந்தது.

"இனி எங்க குத்துறாங்கள் எண்டு பாப்பம்," என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"குத்த இடமில்லைத்தான். எனக்கு மூச்சு விடவும் இடமில்லை," என்று கத்தினேன். பகலில் அதில் கால் வைக்க ஏலாது. அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் நாள் முழுக்கத் தட்டெழுதிவிட்டு, பின்னேரம் ஒரு கதிரையைப் போட்டு முற்றத்தில் இருப்பதுதான் எனக்கு இருந்த ஒரே சுகம். இப்போது கதிரையோடு சேர்ந்து நானும் வேக வேண்டியதாயிற்று.

சீமெந்துக்குப் பின்னால் இன்னொரு கதையும் இருந்தது. கொழும்பில் இருக்கும் அவருடைய அக்கா, என் மச்சாள், அவருக்கு அங்கே வேலை மாற்றம் எடுக்க வழி பார்த்துக்கொண்டிருந்தா. வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்பது அவவின் கட்டளை. பூட்டிப் போகிற வீட்டுக்குப் பற்றை மண்டாத சீமெந்து முற்றம் எவ்வளவு வசதி! மாரிக்கு முன்னம் மறுமொழி சொல்ல வேண்டும் என்று அவர் என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

நாங்கள் இரண்டு பேர்தான், பிள்ளைகள் இல்லை. போவதென்றால் இரண்டு பெட்டியோடு போகலாம். ஆனால் நான் ஒருமுறை போய்ப் பார்த்தவள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் உடுத்த உடுப்போடு ஓடினோம். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவில்லை, யன்னலில்லை, கூரையில் பாதி ஓடில்லை. என் தையல் மெசின் கிணற்றுக்குள் கிடந்தது. களவெடுத்தவனை மன்னித்தாலும் மன்னிப்பேன், மெசினைக் கிணற்றுக்குள் போட்டவனை இன்றைக்கும் மன்னிக்க மாட்டேன். அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி இந்தப் படலையைத் தாண்டி நான் போவதென்றால் நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று.

வாயால் சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை, செய்து காட்ட வேண்டும் என்று நினைத்தேன். முற்றத்தின் நட்ட நடுவில் ஒரு தோட்டம் வைப்பது, யார் தலைகீழாக நின்றாலும் வைப்பது. அந்தச் சூட்டில் எது பிழைக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் வேறு கொஞ்சம் உவர். கள்ளிதான் சரி என்று முடிவெடுத்தேன். வெயிலுக்கு அஞ்சாது, ஆடுமாடு வாய் வைக்காது, தண்ணீர் ஊற்று என்று யாரையும் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கரித்துண்டை எடுத்துச் சீமெந்தில் படம் கீறத் தொடங்கினேன். முதலில் வட்டம். அது கோயில் மண்டபத்து நடுவில் கும்பம் வைத்த மாதிரி இருந்தது. அழித்துவிட்டு, முருங்கைக்காய் மாதிரி நீட்டாகக் கீறினேன். அதுவும் சரிவரவில்லை. கடைசியில் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கி, மாங்காய் வடிவத்தில் வந்து நின்றது. மதில் பக்கமாக உயரமானவை, நடுவில் நாகதாளிக் கள்ளி, முன்னால் உருண்டைக் கள்ளிகள் என்று பெயர்களையும் கரியாலேயே எழுதினேன்.

அவர் வாசற்படியில் நின்று பார்த்தார். "இஞ்சேரும், உமக்கென்ன விசரே? சீமெந்தை உடைக்கப் போறீரோ?"

"வேற என்னண்டு? தலையிலயோ நடுறது?"

"உடைச்ச இடம், புது மண். வாறவங்கட கண்ணில முதல் அதுதான் படும்."

"படட்டும். நான் முதலே போய்ச் சொல்லிப்போட்டுத்தான் உடைப்பன்."

அந்த நாளில் எங்கள் ஊர் வழக்கம் அது. கலியாணப் பந்தல் போட, செத்தவீட்டுக்கு வெடி கொளுத்த, கிணறு இறைக்க, எதற்கும் சந்தியில் இருந்த காவலரணில் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். நான் கிராமசேவகரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அங்கிருந்த பொறுப்பாளர் நல்ல மனிசன். தானே வந்து கரிப்படத்தைப் பார்த்தார். "ஏன் அம்மா முள்ளு? ரோசாப்பூ நல்லதுதானே," என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். ரோசாவிலும் முள்ளுத்தானே என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

கூலிக்கு ஆள் பிடித்து, மாங்காய் வடிவத்தை அலவாங்கால் உடைப்பித்தேன். நன்றாக ஆழமாகத் தோண்டச் சொன்னேன். மாரியில் வேரடியில் தண்ணீர் நின்றால் கள்ளி அழுகிவிடும் என்று கச்சேரியில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த தோழி சொல்லித் தந்திருந்தா. அவ கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெண். அவவின் நானா, அண்ணன்காரர், கண்டிப் பக்கம் வியாபாரத்துக்குப் போய்வரும்போதெல்லாம் விதவிதமான கள்ளி கொண்டுவந்து கொடுப்பாராம். அடியில் செங்கல் உடைசல், அதற்கு மேல் எங்கள் பழைய கூரையின் உடைந்த ஓடுகள், அதற்கு மேல் ஆற்று மணலும் மக்கின சாணமும் போட்டேன். கடற்கரை மணலைத் தொடவே கூடாது, உப்பு வேரைத் தின்றுவிடும் என்பதும் அவ சொன்னதுதான்.

செடிகளையும் அவதான் கொண்டுவந்தா. கடதாசியில் சுற்றி, பன்புல்லில் இழைத்த பையில் போட்டு, படகில் துறை கடந்து, பஸ் ஏறி, சோதனைச் சாவடியில் இறங்கினால், பையில் என்ன என்று ஒரு ஆமிப் பொடியன் கேட்டானாம். இவ வாய் திறப்பதற்குள் கையை உள்ளே விட்டுவிட்டானாம். "அல்லாவே, அவன் துள்ளின துள்ளலில நானே பயந்துபோனேன் புள்ள," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தா. பிறகு அவவே ஊசியால் முள்ளு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாவாம்.

நட்டு முடித்ததும் எனக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது. கொழும்பு மச்சாளின் செய்தி அடுத்த கிழமை அவருடைய அலுவலகத் தொலைபேசியில் வந்தது. "முள்ளுச் செடி வாசலுக்கு ஆகாதாம். வீட்டில சண்டை வருமாம். அக்கா சொல்லுறா," என்றார்.

"இப்ப என்ன, கொஞ்சிக்கொண்டோ இருக்கிறம்?" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மாற்றத்தைப் பற்றிய பேச்சை அவர் விடவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு விசயத்தை மட்டும் நான் யோசிக்கவில்லை. காவலரணில் இருப்பவர்கள் மாறுவார்கள். நாங்கள் சொல்லிவைத்த சொல் அவர்களோடு லொறியில் ஏறிப் போய்விடும்.

அடுத்த சுற்றிவளைப்பில் வந்தவர்கள் முழுக்கப் புதுமுகங்கள். பெரிய வெள்ளைச் சீமெந்து முற்றம், அதன் நடுவில் உடைத்துத் தோண்டி நிரப்பிய ஒரு மேடு. பார்ப்பவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. கம்பி நேரே அங்கே போனது. ஓட்டுத் துண்டில் இடித்து 'ணங்' என்றது. வந்தவர்கள் எல்லோரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கீழ என்ன?"

நான் சொன்னேன், கிராமசேவகரைக் கேளுங்கள் என்றேன், முந்தின பொறுப்பாளர் வந்து பார்த்தவர் என்றேன். என்னைத் தள்ளிப் போய் நிற்கச் சொன்னார்கள். என் கணவரிடம் மண்வெட்டியைக் கொடுத்துத் தோண்டு என்றார்கள். இரண்டு துவக்குகள் அவரைப் பார்த்தபடி நின்றன. அம்மாளாச்சி, என் வீம்பால் இந்த மனிசனை ஏற்றிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் மண்வெட்டியை நிலத்தில் வைத்தார். குந்தி இருந்து, முதலாவது உருண்டைக் கள்ளியை வெறுங்கையால் பிடித்து மெல்ல அசைத்து, வேர் அறாமல் எடுத்து, மதில் நிழலில் வைத்தார். திரும்பி வந்து அடுத்ததை எடுத்தார். "கெதியா! வெட்டு!" என்று ஒருவர் அதட்டினார். ஆனாலும் இவர் வெட்டவில்லை. நாகதாளியைக்கூடக் கையாலேயே தூக்கினார். எல்லாவற்றையும் அப்புறப்படுத்திய பிறகுதான் மண்வெட்டியைத் தொட்டார். மணல் வந்தது, ஓடு வந்தது, செங்கல் வந்தது, கடைசியில் வெறும் நிலம் வந்தது. கம்பியால் இன்னும் கொஞ்சம் குத்திப் பார்த்தார்கள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

குசினி வாசலில் அவரை இருத்தி, சட்டை ஊசியால் பெரிய முள்ளுகளை எடுத்தேன். நாகதாளியின் பொடிச் சுணைகளுக்குப் பிளாஸ்டர் ஒட்டி ஒட்டி இழுத்தேன். இரண்டு கையும் வீங்கிப் போயிருந்தன. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

"மண்வெட்டியால கொத்தி எறிஞ்சிருக்கலாமே, மனிசன்! செடிதானே! சுட்டிருந்தாங்கள் எண்டால்?"

"நீர் ஆசையா வைச்சதெல்லோ," என்றார்.

இனிக் கொழும்புக்குப் போவோம் என்பார், நானும் வாயை மூடிக்கொண்டு ஓம் என்று சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவரை அந்த நிலையில் பார்த்த பிறகு இல்லை என்று சொல்ல எனக்கு எந்த முகம்?

ஆனால் அவர் வேறொன்று கேட்டார். "ஒண்டு கேக்கட்டே? இஞ்சதான் இருக்கப் போறன் எண்டு ஒற்றைக்காலில நிண்டனீர். பிறகு ஏன் தண்ணி கேக்காத செடியாப் பாத்து வைச்சனீர்?"

விசர்க்கதை கதையாதேங்கோ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுவரை வெயில், உவர், ஆடு என்று ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாங்கள் ஓடிப்போனாலும் சாகாத செடியைத்தான் நான் தேடியிருக்கிறேன். வாயால் போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு, கையால் போவதற்கு ஆயத்தம் செய்திருக்கிறேன். அது என்னைவிட அந்த மனிசனுக்கு முதலில் விளங்கியிருக்கிறது.

"இருக்கிறதெண்டா இருப்பம்," என்றார். "ஆனா இருக்கிற ஆக்கள் மாதிரி இருப்பம்."

கள்ளிகளை அன்று பின்னேரமே திருப்பி நட்டேன். ஒன்றும் சாகவில்லை. சனிக்கிழமை அவர் துணி சுற்றிய கையோடு சைக்கிளில் உப்புவெளிக்குப் போய், சிநேகிதர் ஒருவரின் வளவிலிருந்து ஒட்டுமாங்கன்று ஒன்று கொண்டுவந்தார். கிணற்றடிப் பக்கம் இன்னொரு இடத்தில் சீமெந்தை உடைக்க வேண்டியிருந்தது. நான் காவலரணுக்குப் போகச் செருப்பை மாட்டினேன். "நீர் நில்லும், நான் போறன்," என்று சொல்லி அவரே போனார். என்ன சொன்னாரோ, எப்படிக் குழறினாரோ தெரியாது. அங்கிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து இடத்தைக் காட்டினார். அவர்களுக்கு முன்னாலேயே அலவாங்கால் சீமெந்தை உடைத்தார்.

கன்றை வைத்து மண் அணைத்து முடிந்ததும் வாளியை என் கையில் தந்தார். "இது நாளுக்கு ரெண்டுதரம் கேக்கும்," என்றார்.

ஊற்றினேன். மண் உறிஞ்சி முடியும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மச்சாளுக்கு என்னண்டு சொல்லுறது?" என்று கேட்டேன்.

"மாங்கண்டுக்குத் தண்ணி ஊத்த வேற ஆளில்லையாம் எண்டு சொல்லும்," என்றார்.