நான்காவது பேரிங்

மொரிஹிகோ பிரித்துக் கட்டிய எஞ்சின்கள் அறுபத்தொன்று. ஒன்றுகூட அவன் கைப்பிழையால் திரும்பி வந்ததில்லை. இந்தக் கணக்கை அவன் வைத்துக்கொள்ளவில்லை. அவனுடைய அக்கா சடாயே வைத்திருந்தாள்.

எல்லாம் ஒரே இனம். வரிசையாக ஆறு சிலிண்டர், 2,568 சி.சி., வார்ப்பிரும்பு பிளாக், சின்னதாக இரண்டு டர்போ. காகிதத்தில் 280 குதிரைத்திறன். அதற்கு மேல் எழுதுவதில்லை என்று அந்தக் காலத்தில் கார் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. உள்ளே அதைவிட அதிகம் இருந்தது ஒயாமா ஊரில் எல்லோருக்கும் தெரியும். மொரிஹிகோவுக்கு அதன் பலவீனங்களும் தெரியும். அழுத்தத்தைக் கூட்டினால் டர்போவுக்குள் சுழலும் பீங்கான் சக்கரம் சிதறும். முதல் வருடங்களில் வந்தவற்றில், ஆயில் பம்பைச் சுழற்றும் கிராங்க் தண்டின் முனை குட்டை. வேகம் ஏறினால் பம்ப் உடையும். "இந்த ரெண்டையும் மாத்திட்டு, மிச்சத்த ஒழுங்கா அளந்து பூட்டுனா, நம்மள விட அதிக நாள் இருக்கும்கா" என்பான்.

சடாயே நடுநிலைப் பள்ளியோடு நின்று, பதினைந்து வயதில் பேரிங் ஆலையின் பரிசோதனை வரிசையில் உட்கார்ந்தவள். தம்பி தொழிற்பள்ளி முடித்தது அந்தச் சம்பளத்தில். பதினான்கு வருடம் கார் விற்பனைக் கடையின் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, நெல்வயல்களுக்கு நடுவே தகரக் கொட்டகை போட்டுச் சொந்தமாகத் தொடங்கியபோது, அவன் முதலில் கூப்பிட்டது அவளைத்தான். "மத்தவங்க கண்ணு மேல எனக்கு நம்பிக்கை இல்லக்கா" என்றான். அந்த ஒரு வரியை அவள் இருபத்திரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அவர்களுக்கு ஒரு முறை உண்டு. கிராங்கைத் தாங்கும் ஏழு பேரிங்குகளிலும் எண்ணெய் ஓட எவ்வளவு இடைவெளி இருக்கிறதென்று முதலில் அவன் அளப்பான். நோட்டில் எழுதிக் கையால் மறைப்பான். பிறகு அவள் அளந்து பக்கத்துக் கட்டத்தில் எழுதுவாள். அப்புறம்தான் கையை எடுப்பான். பெரும்பாலும் அவளுடைய எண் ஒரு மைக்ரான் கூடுதலாக இருக்கும்.

"உன் கைச்சூடுக்கா. இரும்பே பெருத்துடுது."

"உன் கண்ணுதான்டா சுருங்கிப்போச்சு."

பூட்டும்போதும் அப்படித்தான். அவன் போல்ட்டை முறுக்கி, போல்ட் தலையிலிருந்து பேரிங் மூடி வரை வெள்ளைக் கோடு இழுப்பான். அவள் மறுபடி முறுக்குக் கருவியை வைத்துப் பார்த்து மஞ்சள் கோடு இழுப்பாள். பிறகு ஒவ்வொன்றாக விரல் நீட்டி, வாய்விட்டு, "ஒண்ணு, சரி. ரெண்டு, சரி."

அறுபத்திரண்டாவது எஞ்சின் சோபா நூடுல்ஸ் கடை உதகாவாவுடையது. மார்ச் மாதம் அதை அளந்த அன்று, மொரிஹிகோ நெஞ்சு கரிக்கிறதென்றான். மத்தியானம் தின்ற பொரித்த இறால்தான் காரணம் என்று அவனே சொன்னான். முகம் மெழுகாக இருந்தது. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று சடாயே அவசரப்பட்டாள். நான்காவது பேரிங்கின் கட்டத்தை மறைத்த அவன் கை சற்று விலகியிருந்தது. 38. அவள் அளக்காமலே தன் கட்டத்தில் 38 என்று எழுதினாள்.

"அதிசயம்தான், ரெண்டு பேருக்கும் ஒண்ணு" என்று சிரித்தான். கிராங்கை வைத்துப் பூட்டினார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகவே போனான். மறுநாள் காலை குளியலறையில் விழுந்தவன் எழவில்லை. ஐம்பத்தெட்டு வயது.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு வரை சடாயே தினமும் பட்டறையைத் திறந்து கூட்டினாள். அழவில்லை. சாப்பிட்டது ருசிக்கவில்லை, பசிக்கவும் இல்லை. வயலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். தவளைச் சத்தம் கேட்டது என்பது மட்டும் தெரிந்தது. அந்த இரண்டு 38 மட்டும் எங்கே பார்த்தாலும் நின்றன.

சடங்கு முடிந்த மறுநாள் உதகாவா ஒரு பெட்டி நூடுல்ஸோடு வந்தார். மொரிஹிகோவின் மனைவி மச்சிகோவும் பட்டறையில் இருந்தாள்.

"கிராங்க் அவர் கையால பூட்டுனது. மிச்சத்த நீங்க முடிச்சுக் குடுங்கம்மா. எனக்கு அது போதும்" என்றார் உதகாவா.

"நாலாவத நான் அளக்கல."

"என்னது?"

"அவன் எழுதுனதப் பாத்து எழுதிட்டேன்."

உதகாவா தலையைச் சொறிந்தார். "அவர் அளந்தாரில்ல? அவர் அளந்தா சரியாத்தானே இருக்கும்."

"அன்னிக்கு அவனுக்கு உடம்பு சரியில்ல. நிமிஷத்துக்கு எண்ணாயிரம் சுத்துல போறப்ப அந்த இடைவெளி தப்பா இருந்தா பேரிங் கரைஞ்சிடும். மொத்த எஞ்சினும் போயிடும். மொரிஹிகோ கட்டுனது போச்சுன்னுதான் ஊர் சொல்லும்."

"சரி, நாலாவத மட்டும் கழட்டிப் பாத்துடுங்க."

"அப்படி முடியாது. ஏழு மூடியும் ஒரே சட்டம். பதினாலு போல்ட்டையும் எடுக்கணும்."

மச்சிகோ எஞ்சின் பக்கம் போனாள். தலைகீழாக நின்ற பிளாக்கில் பதினான்கு வெள்ளைக் கோடுகள், பக்கத்திலேயே மஞ்சள். "வேணாம் அண்ணி" என்றாள். "கடைசியா அவர் போட்ட கோடு இது. உங்க தம்பி மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

"அவன் மேல இருக்கு. என் மேலதான் இல்ல."

மச்சிகோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதகாவா, "நூடுல்ஸ் ஊறிப்போயிடும், சாப்பிடுங்க" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சடாயே சாயங்காலத்துக்குள் பதினான்கையும், வெளியிலிருந்து நடு நோக்கி, அவன் கழற்றுகிற வரிசையிலேயே கழற்றினாள். ஒவ்வொரு போல்ட்டும் டக்கென்று விட்டுக்கொடுத்தது. கோடுகள் இரண்டாக அறுந்தன. கிராங்கை எடுத்துத் துடைத்து வைத்தாள். துளையை அளப்பதற்காகச் சட்டத்தை வெறுமனே பூட்டினாள். உடனே அளக்கவில்லை. கை பட்ட இரும்பு ஆற வேண்டும். அறையை இருபது டிகிரியில் விட்டுப் பூட்டிக்கொண்டு போனாள்.

காலையில் மச்சிகோ வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வந்து, நோட்டைத் திறந்து, தன் உள்ளங்கையால் மொரிஹிகோவின் கட்டத்தை மறைத்துக்கொண்டாள்.

சடாயே கிராங்கை அளந்தாள். பேரிங் துளையை மூன்று இடத்தில் அளந்தாள். கழித்தாள். மறுபடி முதலிலிருந்து அளந்து கழித்தாள்.

"எவ்வளவு அண்ணி?"

"முப்பத்தொம்பது."

"அப்படின்னா?"

"அவன் எண்ணு சரி. ஒண்ணு கூட வர்றது என் கைச்சூடு."

மச்சிகோ அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். சடாயே அழுகை வருகிறதா என்று ஒரு நிமிடம் காத்துப் பார்த்தாள். வரவில்லை. தன் கட்டத்திலிருந்த 38-ஐ ஒரே கோட்டால் அடித்து, மேலே 39 என்று எழுதித் தேதி போட்டாள்.

சட்டத்தைக் கழற்றி, கிராங்கை வைத்துப் பதினான்கையும் மறுபடி முறுக்கினாள். வெள்ளைக் கோடுகளின் இரு பாதிகளும் நேர்கோட்டுக்கு வரவில்லை. சிலது மயிரிழை தள்ளி, சிலது அரை நகம் தள்ளி நின்றன. மச்சிகோ வெள்ளைப் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"வேணாம், அது அவனோடது. இருக்கிறபடி இருக்கட்டும்" என்றாள் சடாயே.

மஞ்சளை மட்டும் துடைத்துப் புதிதாக இழுத்தாள். பிறகு விரலை நீட்டினாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"ஒண்ணு, சரி. ரெண்டு, சரி."