ஓடும் விசிறியை நிற்க வைத்தவர்

வலது கைப் பெருவிரல் நகத்தை விமானத்தின் மூக்கு விசிறியின் விளிம்பில் வைத்து, அடியிலிருந்து நுனிவரை இழுத்துக்கொண்டே போகிறார் ஜெபதுரை. விமானம் இப்போதுதான் இறங்கியிருக்கிறது. எஞ்சின் சூடு முகத்தில் அடிக்கிறது. "சுவிச்சு ஆஃபா?" என்று ஒரு கேள்வி. "ஆஃபு அண்ணே" என்று உள்ளிருந்து பதில். அத்தோடு சரி. கதவைத் தானே திறந்துகொண்டு பைலட் கோவிந்தன் குதிக்கிறார், கும்பிடுகிறார், தண்ணீர்ப் பானையைத் தேடிப் போகிறார். ஜெபதுரை திரும்பிப் பார்ப்பதில்லை. நகம் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மனிதர்களோடு பேசமாட்டார்.

மற்ற ஒன்பது நகங்களையும் ஒட்ட வெட்டியிருக்கிறார். இந்த ஒன்றை மட்டும் வளர்க்கிறார். ஓசூரில் எங்கள் விமான மைதானம் பாதி புல், பாதி சரளைக்கல். விமானம் ஓடும்போது கல் எழும்பி விசிறியின் பிளேடில் பல் பதிக்கும். கண்ணுக்குத் தெரியாத பல்லும் நகத்தில் தடுக்கும். தடுக்கினால் ஜெபதுரைக்குக் கொண்டாட்டம். "இருக்கறான், இருக்கறான்" என்று முணுமுணுத்துக்கொண்டே மெல்லிய அரத்தை எடுத்து அந்த இடத்தை வழவழவென்று ஆக்கிவிடுவார். அப்புறம் ஒரு வெள்ளைத் துணியால் விசிறியின் நடுக்குமிழைத் துடைத்து, துணியில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பார். அந்தத் துணி அவருடைய கல்யாண வேட்டியிலிருந்து கிழித்தது. விசிறியைத் தவிர வேறெதையும் அது தொட்டதில்லை. ஒருமுறை கம்பெனி முதலாளி அதில் மூக்குத் துடைக்கப் போய், மாலைவரை வசவு வாங்கினார்.

முதலாளி என்றால் கிருஷ்ணகிரி ராமப்பன். மாந்தோப்புக்காரர். தை மாதம் பூ எடுக்கும்போது தத்துப்பூச்சி விழுந்து பூவைக் கருக்கிவிடுகிறது என்று, இரண்டு பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு பழைய நாலு சீட்டு விமானத்தை வாங்கினார். பின் சீட்டு இரண்டையும் பிடுங்கிவிட்டு மருந்துப் பீப்பாய் வைத்திருக்கிறார்கள். மரத்துக்கு மேலே பனையளவு உயரத்தில் பறந்து மருந்து தெளிக்கவேண்டும். சண்டைக் காலத்தில் பெங்களூரில் விமானக் கொட்டகையில் வேலை பார்த்த ஜெபதுரையை, சம்பளம் பேசி ஓசூருக்கு அழைத்து வந்தவரும் அவர்தான். இன்றைக்குச் சேலம் ஜில்லாவிலேயே விசிறியைத் திட்டிச் சம்பளம் வாங்குகிறவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

திட்டுவதிலும் ஒரு முறை உண்டு. எஞ்சினைத் தெலுங்கில் திட்டுவார். விசிறியைக் கன்னடத்தில் கொஞ்சுவார். கவர்னரோடு மட்டும் தமிழ். "அவன் நம்ம ஆளு" என்பார். விசிறிக்கு முன்னால் அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் வாலைச் சுற்றித்தான் அந்தப் பக்கம் போவார். வீட்டில் மேஜை விசிறியையும் அப்படித்தான் சுற்றிக்கொண்டு போகிறார் என்று அவர் மனைவி ஜெபசீலி அம்மாள் சொல்கிறார். ஒருநாள் டீக்கடையில் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று வாயாலேயே எஞ்சின் சத்தம் போட்டேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளி விலகினார். அடிக்கப் போகிறார் என்று ஓடத் தயாரானேன். "ரெண்டாவது சிலிண்டரு விட்டு விட்டு அடிக்குது. சரியா போடு" என்றார்.

கவர்னர் என்றதும் மெட்ராசில் மாளிகையில் இருப்பவர் என்று நினைக்கவேண்டாம். இது எஞ்சின் மூக்கோரமாக உட்கார்ந்திருக்கும், சொம்பு அளவு. உள்ளே இரண்டு சின்னக் குண்டுகள் சுழல்கின்றன. எஞ்சின் வேகம் கூடினால் குண்டு விரியும், குறைந்தால் சுருங்கும். அதற்குத் தக்கபடி விசிறிக்குள் எண்ணெய் போய்வந்து, பிளேடு தன் சாய்வைக் கூட்டிக்கொள்ளும், குறைத்துக்கொள்ளும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கே இது விளங்கியது. காரணம் ஜெபதுரை சொன்ன விதம். "மேட்டுல மாடு மூச்சு வாங்குனா வண்டில பாரம் கொறைக்கறோம். எறக்கத்துல பிச்சிக்கினு ஓடுனா பாரம் ஏத்தறோம். ஒரே நடையில போவணும், அவ்வளவுதான். அத இவன் எண்ணெய வெச்சி பண்றான். சம்பளம் கேக்கறதில்ல."

இந்தத் தை மாதம் அந்தக் கவர்னருக்கு அடியில் இருந்த பேக்கிங் கிழிந்தது. இரண்டு இரும்புக்கு நடுவே எண்ணெய் ஒழுகாமல் இருக்க வைக்கிற அட்டைதான் பேக்கிங். சீமையிலிருந்து வரவேண்டும். வருவதற்குள் மாம்பூ உதிர்ந்து காய் பிடித்துவிடும். ஜெபதுரை பெங்களூர் சிக்கப்பேட்டைக்குப் போய் ஒரு அட்டை வாங்கிவந்தார். கவர்னர் மேல் வைத்து ஓரத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டியே வெட்டி, எண்ணெய் போகும் ஓட்டையும் போட்டார். அதைப் பேருந்து நிலையம் வரைக்கும் எடுத்துப்போய்க் காட்டினார். "சீமைக்காரன் மிசின் வெச்சி வெட்டறான். நான் காது வெச்சி வெட்டனன்."

அடுத்த நாளிலிருந்துதான் கோவிந்தன் சொல்ல ஆரம்பித்தார்.

கோவிந்தன் சிங்காரப்பேட்டைக்காரர். மெட்ராசில் விமானம் ஓட்டப் படித்தவர். அதிகம் பேசாதவர். புது மனைவி ருக்மணியை அழைத்துவந்து ஓசூரில் வீடு பிடித்து இன்னும் பால்கூடக் காய்ச்சவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "அரை மணி பறந்ததும் மூச்சு வாங்குதுண்ணே. ஏறுது, எறங்குது. மரத்து மேல போறப்ப பயமா இருக்குது."

ஜெபதுரை எஞ்சினை முடுக்கி மூன்று நிமிடம் ஓட்டிப் பார்த்தார். ஆணி அடித்த மாதிரி நின்றது வேகம் காட்டும் முள். "கவர்னரு தங்கம். ஒன் கைதான் தம்பி நடுங்குது. புதுமாப்பிள்ளை கை."

"ஒரு வாட்டி கூட வந்து பாருங்கண்ணே."

"நான் மேல வந்துட்டா கீழ யாரு பாக்கறது?"

ஜெபதுரை இதுவரை ஒருமுறைகூட மேலே போனதில்லை. அது வேறு கதை.

தினமும் கோவிந்தன் சொன்னார், தினமும் ஜெபதுரை மூன்று நிமிடம் ஓட்டித் தீர்ப்புச் சொன்னார். விஷயம் கிருஷ்ணகிரிக்குப் போனது. ராமப்பன் வந்தார். பூ காத்திருக்காது. விசிறியில் குற்றம் என்றால் சரி செய்யவேண்டும், பைலட்டிடம் குற்றம் என்றால் வேறு பைலட் பார்க்கவேண்டும். "முள்ளு கிள்ளெல்லாம் எனக்கு தெரியாது ஜெபதுரை. நான் கண்ணால பாக்கணும்" என்றார்.

கண்ணால் பார்க்க வைக்கிறேன் என்று கிளம்பிய ஜெபதுரை, தேவாலயத்திலிருந்து டியூப் லைட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். கிறிஸ்துமசுக்காகப் புதிதாகப் போட்டது அது. போதகரிடம் கேட்டாரா என்பது அவர்கள் இருவருக்கும் இடையே உள்ள சமாசாரம். மூங்கில் நட்டு, கொட்டகையிலிருந்து கம்பி இழுத்து, விமானத்துக்கு எதிரே விளக்கைக் கட்டினார். பக்கவாட்டில் கயிறு கட்டி, தாண்டினால் காலை ஒடிப்பேன் என்றார். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் சந்தையிலிருந்து திரும்புகிற கூட்டம் முழுக்க அங்கே நின்றது. வேடிக்கை என்றால் எங்கள் ஊருக்கு அழைப்பு வேண்டாம்.

"எல்லாரும் கேளுங்க. இந்த லைட்டு நிக்காம எரியற மாதிரி தெரியுதில்ல? பொய். நொடிக்கு நூறு வாட்டி செமிட்டுது. விசிறி சுத்தற கணக்கும் இது செமிட்டற கணக்கும் ஒத்துப்போச்சின்னா, ஓடற விசிறி நின்னமாதிரி தெரியும். கவர்னரு ஒழுங்கா இருந்தா, நின்னது நின்னபடி நிக்கும். கை நடுங்குனாத்தான் ஆடும். தம்பி, நீ வெளியவே நில்லு. இன்னிக்கி என் கை."

கோவிந்தன் கயிற்றருகே கைகட்டி நின்றார். அவருக்கு இரண்டடி தள்ளி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ருக்மணி நின்றாள்.

அவர் உள்ளே ஏறி உட்கார, எஞ்சின் முழங்கியது. விசிறி மங்கலான வட்டமானது. ஜெபதுரை உள்ளே எதையோ மெல்ல நகர்த்த நகர்த்த, அந்த வட்டத்துக்குள் நிழல்கள் கூடின, தயங்கின, நின்றன. இரண்டு பிளேடு நாலாகி, எஞ்சின் அலறும்போதே, சிலுவை போல அந்தரத்தில் அசையாமல் நின்றது. ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டார். எனக்குத் தொட்டுப் பார்க்கலாம் போல இருந்தது. தொட்டிருந்தால் இதை இடக்கையால் எழுதிக்கொண்டிருப்பேன்.

ஜெபதுரையின் முகம் கண்ணாடிக்குள் பல்லாக இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் கோவிந்தன் அன்றிரவே பெட்டி கட்டியிருக்கவேண்டும். ஆனால் ஜெபதுரைக்கு நிறுத்த மனசில்லை. பின்னால் நின்றவர்களைக் கையசைத்து முன்னால் கூப்பிட்டார். அவர்கள் பார்த்ததும் அடுத்த வரிசை. குழந்தைகளைத் தூக்கிக் காட்டச் சொன்னார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, சூடேறிக்கொண்டே இருந்தது.

அப்போது அந்தச் சிலுவை அசைந்தது.

மெல்ல முன்னால் நகர்ந்தது. நின்றது. பின்னால் வந்தது. மறுபடி முன்னால். மூச்சு வாங்குகிற மாட்டின் விலா போல. கோவிந்தன் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. ஜெபதுரையின் பல் மறைந்தது. இரண்டு கையையும் தூக்கி, எதையும் தொடவில்லை என்று தனக்கே காட்டிக்கொண்டார். அது ஆடிக்கொண்டுதான் இருந்தது.

எஞ்சின் நின்றது. ஜெபதுரை இறங்கி வாலைச் சுற்றிக்கொண்டு வந்தார். ராமப்பன்தான் முதலில் பேசினார். நல்ல மனிதர். "நோடப்பா, இங்க பாரு, கரண்ட்டு ஏறி எறங்குது போல. ஓசூரு கரண்ட்ட நம்ப முடியுமா."

கூட்டம் தலையாட்டியது. ஜெபதுரை ஆமாம் என்றால் போதும், ஊரே நம்பத் தயாராக இருந்தது. அவர் விளக்கைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார். கோவிந்தனை மட்டும் பார்க்கவில்லை.

"கரண்ட்டு மேல போட்டுட்டா சௌகரியந்தான் மொதலாளி. அது வந்து நான் இல்லன்னு சொல்லாது" என்றார். "ஸ்பேனரு எடுங்க யாராச்சும்."

சூடு எண்ணெய் முழங்கைவரை வழிய, கவர்னரை அங்கேயே கழற்றினார். தான் வெட்டிய பேக்கிங்கை உரித்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். சிக்கப்பேட்டை அட்டை சூட்டில் எண்ணெய் குடித்து, நனைந்த வடை போல ஊதியிருந்தது. கடலை நுழைகிற அளவுக்குப் போட்ட ஓட்டையில் கடுகு நுழையாது. குளிர்ந்திருக்கும்போது சரியாக இருந்து, சூடானால் எண்ணெயின் கழுத்தை நெரித்திருக்கிறது. மூன்று நிமிட ஓட்டத்தில் அது எப்படித் தெரியும்?

இனி அவமானப்படுவார் என்று நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். நிமிர்ந்தால் மனிதர் குதித்துக்கொண்டிருந்தார்.

"கெடச்சிட்டான். கெடச்சிட்டான் மொதலாளி. என் தப்பு. முழுக்க முழுக்க என் தப்பு. இங்க பாருங்க, எப்பிடி ஊதியிருக்கறான்."

அந்தச் சின்ன அட்டையை ராமப்பனிடம் காட்டினார், செருப்பில்லாத கிழவரிடம் காட்டினார். சைக்கிள் ஏறிப் பேருந்து நிலையத்துக்குப் போய், முன்பு யார் யாரிடம் பெருமையடித்தாரோ அவர்களிடமெல்லாம் காட்டினார். டியூப் லைட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது போதகரிடமும் காட்டினார். "தப்பு பண்ணிட்டு இப்பிடி கூத்தாடறவர நான் எங்கியும் பாக்கல" என்று ஜெபசீலி அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு அடிக்கக் காரணம் இருந்தது. வடைச் சட்டியில் எஞ்சின் எண்ணெயைக் காய்ச்சி, கிடைத்த அட்டையெல்லாம் போட்டுப் பொரித்துக்கொண்டிருந்தார் கணவர். மருந்துப் பீப்பாய் மூடிக்குள் இருந்த கெட்டித் தாள் ஒன்று மட்டும் ஊதாமல் மிதந்தது. அதில் புதுப் பேக்கிங் வெட்டினார். சட்டியை அம்மாள் தெருவில் எறிந்தார்.

ஊர் முழுக்கச் சொன்னவர் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் குதித்துக்கொண்டிருந்தபோதே கோவிந்தனும் ருக்மணியும் யாரிடமும் சொல்லாமல் நடந்து போய்விட்டார்கள்.

மறுநாள் கோவிந்தன் விமானத்தை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரித் தோப்புகளுக்குப் போனார். ஜெபதுரை உட்காரவில்லை. மைதானத்தைக் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். தரையில் கிடந்த சரளைக்கல்லைப் பொறுக்கி வேலிக்கு வெளியே வீசினார். அரை மணி போனது. ஒரு மணியும் போனது. தெற்கே வானத்தில் சத்தம் கேட்டதும் கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்றார். ஒரே நடையில் வந்தது சத்தம். ஏறவில்லை, இறங்கவில்லை.

விமானம் இறங்கி, திரும்பி, கொட்டகை முன்னால் வந்து நின்றது. விசிறி கடைசிச் சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. நகம் இப்போது பிளேடுக்குப் போகும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெபதுரை விசிறியை விட்டு விலகினார். வாலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். இடுப்பிலிருந்து அந்த வெள்ளைத் துணியை உருவி, மருந்து படிந்திருந்த கதவுப் பிடியைத் துடைத்தார். துடைத்துவிட்டுக் கதவைத் திறந்து, கோவிந்தன் இறங்குவதற்காகக் கையை நீட்டினார்.