க்ளெனிஸ் அத்தையும் மூடாத கதவும்

க்ளெனிஸ் அத்தைக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. கையில் இருப்பது பறந்து வரும். இங்கிலாந்தின் டட்லியில் எங்கள் தெருவுக்கு வரும் பால்காரருக்குக்கூட இது தெரியும்.

மாமா டெனிஸ் கடைசியாக அத்தையை அடித்தபோது, அவள் ஜாக்கிக் கம்பியால் திருப்பிக் கொடுத்தாள். அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது, கூடவே கல்யாணமும். பழைய மோரிஸ் மைனர் கார் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போனார். "துருப்பிடிச்ச டப்பா உனக்குப் போதும்" என்றாராம். அதை ஓடவைத்து அவர் வாசல் வழியாகப் போகவேண்டும் என்பதுதான் அத்தையின் ஒரே வெறி.

காரின் தரை முழுக்கத் துரு அரித்துப் போயிருந்தது. புதுத் தகடுகள் வாங்கினாள். இந்த மாதிரித் துணிக்கூரைக் காருக்குத் தரைதான் முதுகெலும்பு. அதனால் பழையதை வெட்டும் முன், கார் மடங்கிவிடாமல் இருக்கக் கதவு வாசல்களின் குறுக்கே இரும்புக் கம்பி பற்றவைப்பார்கள். புதுத் தரை முழுசாகப் பற்றும்வரை அதைத் தொடக்கூடாது. அத்தை அதன்மேல் சுண்ணக்கட்டியால், "தொட்டால் கொலை" என்று எழுதியிருந்தாள்.

தொட்டது அவள் தம்பி டெரிக். அதாவது என் அப்பா.

அத்தை பன்றிக்கறி ரொட்டி வாங்கப் போயிருந்தாள். புதுத் தரையை அங்கங்கே பொட்டுப் பொட்டாகத்தான் பற்றவைத்திருந்தாள். ஏறி இறங்க இடைஞ்சல் என்று அப்பா கம்பிகளை அறுத்தெறிந்தார். காரின் நடுவில் உட்கார்ந்து டீ வேறு குடித்தார். பொட்டுகள் படபடவென்று தெறித்தன. வயிற்றில் உதை வாங்கியவன் மாதிரி கார் நடுவில் மடங்கியது. கார்க் கதவு மூடாமல் அதன் பக்கத் தூணில் முட்டி நின்றது.

அத்தை வந்து பார்த்தாள். ரொட்டிப் பொட்டலத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். வீசாமல் வைத்ததும் நான் தண்ணீர் வாளிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"டெரிக்கு, கம்பி எங்கடா?"

"அக்கா, கத்தாம கேளு..."

"நான் எங்கடா கத்துறேன்?"

ரப்பர் சுத்தியல் அப்பாவின் மூக்கில் இறங்கியது. புதுத் தகட்டில் ரத்தம் சொட்டியது. அப்பா தலையால் முட்டினார். அத்தை அவர் காதைத் திருகி, தலையைச் சுவரில் மோதினாள்.

"உன்னப் பொறந்தப்பவே குப்பைல போட்டிருக்கணும்!"

"டெனிஸ் சொன்னது சரிதான், ராட்சசி!"

அந்தப் பேர் காதில் விழுந்ததும் அத்தை இரும்பு வெட்டும் கிரைண்டரை எடுத்தாள். அப்பாவுக்கு முகம் வெளுத்தது. ஆனால் அவள் போனது காரை நோக்கி. "இனி எதுக்கு இது? துண்டு போட்டுர்றேன்."

அப்பா குறுக்கே பாய்ந்தார். "வெட்டாதக்கா! ஜாக்கி குடு. நான் கீழ படுத்து முட்டுக் குடுக்குறேன், நீ மேல பத்தவை."

ஜாக்கி ஏற ஏற, மடங்கிய உடல் நிமிர்ந்தது. அத்தை பற்றவைத்தாள். காரின் அடியில் இருந்த பழைய தார்ப்பூச்சு எரிந்து கீழே சொட்டியதில் அப்பாவின் சட்டை பற்றிக்கொண்டது. அத்தை அவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்து, வெறுங்கையால் நெஞ்சில் அறைந்தாள்.

"ஐயோ, தப்புதான்க்கா, விட்டுடு!"

"தீடா மடையா, தீ!"

நான் ஊற்றிய வாளித் தண்ணீர் முக்கால்வாசி அத்தை தலையில் விழுந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. கொப்பளித்த கையாலேயே அப்பாவின் மூக்கு ரத்தத்தைத் துடைத்தாள்.

"சாகணும்னா இந்தப் பக்கம் முடிச்சிட்டுச் சாவு."

பற்றவைத்து முடித்ததும், கதவு ஒரே உதையில் மூடியது.

வசந்தத்தில் அந்தக் கார் டெனிஸ் வாசல் வழியாகப் போனது. அத்தை திரும்பியே பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து எட்டி ஹாரனை அழுத்தியது அப்பாதான், தெருமுனை வரைக்கும்.