பைப்புக்குள் இரண்டு சுருட்டு

போன ஞாயிற்றுக்கிழமை என் மாப்பிள்ளை துபாயிலிருந்து வந்திருந்தார். மாமனாருக்கு என்ன வாங்கி வருவது என்பது அவருக்கு வருஷா வருஷம் ஒரு தலைவலி. டார்ச் லைட், தைலம், சட்டைத் துணி எல்லாம் ஒரு சுற்று முடிந்துவிட்டது. இந்த முறை ஒரு மரப்பெட்டி. திறந்தால் உள்ளே பத்துச் சுருட்டுகள். "பன்னெண்டு வருஷம் பதமா வெச்சு எடுத்தது மாமா. அவசரப்படாம ரசிச்சுப் பிடிக்கணும்" என்றார். கூடவே வழுவழுவென்று ஒரு அட்டை. முதல் பாகத்தில் தோல் வாசனை, நடுவில் காப்பியும் கொக்கோவும், கடைசியில் மிளகு என்று அதில் அச்சடித்திருந்தார்கள். உள்ளேயிருந்து என் மகள், "அப்பாவுக்கு இருக்கிற இருமல் போதாதா?" என்று குரல் கொடுத்தாள்.

பெட்டியை மூக்கருகே கொண்டுபோனேன். சுருட்டு வாசனைக்கு முன்னால் அந்த மரத்தின் வாசனை வந்தது. பென்சில் சீவும்போது வருமே, அதுதான். ஒரே மூச்சில் கும்மிடிப்பூண்டிக்கும் என் இருபத்தாறு வயதுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டேன். போயிருக்க வேண்டாம்.

அப்போது நான் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் கெமிஸ்ட். பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். உருகிய இரும்பில் ஒரு கரண்டி எடுத்து வந்து கொடுப்பார்கள். கார்பன் இவ்வளவு, கந்தகம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவேன். வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் வாட்ச்மேன் சல்யூட் அடிப்பார். அந்த வயதுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆலைக்குப் பழைய இரும்பு வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் வரும். கார் கதவு, கப்பல் சங்கிலி, யாரோ தூங்கிய கட்டில் என்று எல்லாம் யார்டில் கலந்து கிடக்கும். அதைப் பிரிப்பவர்களுக்குத் தலைவர் மோசஸ். எளாவூர்ப் பக்கத்து ஆள், என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அவரை 'வா, போ' என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னை 'சார்' என்றார். அன்று அது யாருக்கும் உறுத்தவில்லை.

மோசஸின் வேலை, மூடின சாமானைக் கண்டுபிடிப்பது. சிலிண்டரோ, இரண்டு முனையும் நசுங்கிய குழாயோ, மூடியபடி உலைக்குள் போனால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் ஒரு நொடியில் கொதித்து வெடிக்கும். உருகிய இரும்பு மழையாக மேலே எழும்பி ஆட்கள்மேல் விழும். அதனால் மோசஸ் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். மூடியிருந்தால் உடைப்பார், இல்லை கேஸ் வைத்து வெட்டுவார். பிறகு சாக்பீஸால் அதன்மேல் ஒரு சிலுவை போடுவார். சிலுவை போட்டது உலைக்குப் போகலாம், போடாதது போகக் கூடாது. அவர் சிலுவைக்குக் கீழ்க்கால் நீளமாக இருக்கும். "காலு நீட்டமா இருந்தாத்தான் சார் சிலுவ. இல்லாங்காட்டி கூட்டல் கணக்கு" என்பார். சாக்பீஸ் புதிதாக உடைத்தால் யார்டுச் சுவரில் ஒன்று போட்டுப் பார்ப்பது அவர் பழக்கம். சுவர் முழுக்க வரிசையாகச் சிலுவைகள் இருக்கும்.

ஒருநாள் கன்டெய்னரில் ஒரு சின்ன இரும்புப் பெட்டகம் வந்தது. பூட்டியிருந்தது, சாவி எந்த நாட்டில் இருந்ததோ. மோசஸ் பின்பக்கத்தை வெட்டித் திறந்தார். பணம் இருக்கும் என்று நாங்கள் எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு மரப்பெட்டி, அதற்குள் சுருட்டுகள். பெட்டியின் அடியில் தேதி அச்சடித்திருந்தது. எனக்கு மீசை முளைக்கும் முன்னால் சுற்றியவை. மற்றவர்கள் பீடிதான் உசத்தி என்று சிரித்துவிட்டுப் போனார்கள். பெட்டி எனக்கும் மோசஸுக்கும் என்று ஆயிற்று.

இனி என் மேதாவித்தனம். சுருட்டைத் தொட்டால் லேசாக ஈரம் தட்டியது. கடலில் வந்ததால் நமத்துப்போயிருக்கிறது என்று முடிவு செய்து, லேபில் மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் காய வைக்கும் அடுப்புக்குள் நாலு சுருட்டை வைத்தேன். நூற்றைந்து டிகிரி, இரண்டு மணி நேரம். வெளியே எடுத்தபோது கையில் பட்டதுமே அப்பளமாக நொறுங்கியது. அதற்குப் பிறகுதான் பெட்டிக்குள் இருந்த துண்டுக் காகிதத்தைப் படித்தேன். ஈரம் போகாமல் பாதுகாக்க வேண்டும், புகையை விழுங்கக் கூடாது என்றிருந்தது. எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுக் கடைசியில் படிப்பதுதானே நம் வழக்கம். மோசஸ் அந்தத் தூளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "படிச்சவங்க கைல குட்த்தா இப்டித்தான் சார்" என்றார்.

மிச்சமிருந்ததை வாரம் ஒன்றாக, பத்து மணி டீக்குப் பிறகு, இரும்புக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பிடிப்போம். முதல் நாள் பீடி மாதிரி நெஞ்சுவரை இழுத்துவிட்டு இருவரும் கண்ணில் நீர் வரும்வரை இருமினோம். பழகிய பிறகு வாயிலேயே நிறுத்தி, மெதுவாக விட்டோம். எனக்குத் தெரிந்தது புகை, நல்ல புகை, அவ்வளவுதான். மோசஸுக்கு வேறு என்னென்னவோ தெரிந்தது.

"இது ஒரு தெரு சார். மூணு ஊடு கீது. மொத ஊட்ல கொள்ளு வறுக்கறாங்க. ரெண்டாவது ஊட்ல மழைல நனைஞ்ச செருப்ப அடுப்பாண்ட காய வெச்சிக்கீறாங்க."

"மூணாவது ஊட்ல?"

கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை இழுத்தார். "மூணாவது ஊட்ல யாரும் இல்ல சார். அடுப்பு மட்டும் எரிஞ்சிக்கினு கீது."

துபாய் அட்டையில் எழுதியவர் கொஞ்சம் மோசஸிடம் வந்து கேட்டிருக்கலாம்.

பெட்டியில் இரண்டே இரண்டு மிஞ்சியபோது மோசஸ் கையை வைத்து மறைத்துக்கொண்டார். "இது எங்க நைனாவுக்கு சார். அது ஆயுசு பூரா ஆண்டை ஊட்டு ஐயாவோட சுருட்டுக்கு நெருப்பு எட்த்தாந்து குட்த்துச்சி. ஒரு தபாகூட வாயில வெச்சதில்ல. இப்ப நெஞ்சு சளி, படுத்த படுக்கையா கீது. கிறிஸ்மஸுக்கு இத்த அது வாயில வெச்சி நானே பத்த வெக்கணும்." எங்கள் வீட்டிலும் பெரியப்பா சுருட்டுப் பிடிப்பார். களத்துமேட்டிலிருந்து ஒருவர் கொட்டாங்குச்சியில் கங்கு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். அவர் பெயர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மோசஸிடம் இதை நான் சொல்லவில்லை.

ஆனால் கேட்டில் இடுப்பு வரை தடவிப் பார்ப்பார்கள். குப்பையில் கிடைத்த ஆணிகூட கம்பெனிச் சொத்து. கிறிஸ்மஸுக்கு முதல் நாள் கேட்டில் ஆள் குறைவாக இருக்கும், அன்று கொண்டுபோகலாம் என்று முடிவானது. அதுவரை காய்ந்துவிடாமல் இருக்க வேண்டுமே. ஒன்றரை அடி இரும்புக் குழாய் ஒன்றை எடுத்தேன். ஒரு முனை அடைத்தது, மறுமுனைக்கு மரை போட்ட மூடி. ஈரப் பஞ்சை உள்ளே வைத்து, சுருட்டு இரண்டையும் காகிதத்தில் சுற்றி இறக்கி, மோசஸ் இறுக்கி மூடினார். "நாளு பூரா மூடினத்த ஒடச்சிக்கினு, நாமளே ஒண்ணு மூடறோம் பாருங்க சார்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "லேப்ப வுட்டு இது வெளிய வரக் கூடாது சார்" என்றார். நான் தலையாட்டினேன்.

கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது சென்னையிலிருந்து சோதனைக்கு ஆட்கள் வருவதாகச் சேதி வந்தது. லேப் அலமாரி எல்லாம் காலி செய்யச் சொன்னார்கள். காலை நேரம். பைப்பை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனேன். ஆள் வராததால் மோசஸை உலை மேடைக்கு அனுப்பியிருந்தார்கள். அவருடைய சாமான் பெட்டி பூட்டியிருந்தது, அதன் பக்கத்தில் பைப்பை வைத்தேன். அவருடைய ஆட்கள் எதைப் பார்த்தாலும் சுத்தியலால் ஒரு போடு போடுவார்கள், திறந்தால் சுருட்டு போய்விடும். சிலுவை போட்டதை மட்டும் தட்ட மாட்டார்கள். கீழே கிடந்த சாக்பீஸை எடுத்து பைப்பின்மேல் ஒரு சிலுவை போட்டேன். சமயத்தில் நல்ல யோசனை வந்தது என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

சிலுவை போட்டது எங்கே போகும் என்பது அந்த ஆலையில் சுற்றும் பூனைக்குக்கூடத் தெரியும். எனக்கு அந்த நிமிஷம் தோன்றவில்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரிந்த விளக்கம் எதுவுமில்லை.

சோதனைக்காக யார்டைச் சுத்தம் செய்தவர்கள், சிலுவை போட்ட சாமானையெல்லாம் வாரி உலைக் குவியலில் போட்டார்கள். காந்தக் கிரேன் அள்ளிக்கொண்டு போனது. பதினொரு மணிக்கு ஆலையே ஒருமுறை எழுந்து உட்கார்ந்தது. நான் லேபில் துடைத்த கண்ணாடிக் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்ட கணமே என்ன வெடித்தது என்று தெரிந்துவிட்டது. பிறகு கிரேன் ஓட்டுபவர் சொன்னார்: "எல்லாரும் பின்னாடி நின்னுகினு இருந்தாங்க சார். மோசஸண்ணன் மட்டும் அந்த பைப்ப பாத்துட்டு 'அத்த எடு, அத்த எடு'ன்னு கத்திக்கினு முன்னாடி ஓடிச்சி."

தீக்காய வார்டில் அவரை மறுநாள் பார்த்தேன். முகத்தில் கண்களும் வாயும் மட்டும் தெரிந்தன. அவர் மனைவி எஸ்தர் வெளியே மருந்துக்கு நின்றிருந்தார். மோசஸின் குரல் மட்டும் மாறவே இல்லை.

"பைப்பு மேல கிராஸ் இருந்திச்சி சார். எங் கை இல்ல அது. காலு நீட்டமா இல்ல."

நான் கட்டிலின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு சார் போட்டது?"

"தெரியல மோசஸ்" என்றேன்.

அந்தப் பைப் இருந்த இடம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் கட்டிலில் கிடந்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம், "உடுங்க சார். நைனாகிட்ட மட்டும் சொல்லிடுங்க, கிராஸு நான் போடலன்னு" என்றார். சொல்கிறேன் என்றேன். மூன்றாம் நாள் விடியும் முன் போய்விட்டார்.

விசாரணை வைத்தார்கள். பைப்பில் சிலுவை இருந்ததைக் கிரேன் ஓட்டுபவர் உள்ளபடி சொன்னார். சிலுவை போடுபவர் மோசஸ்தானே, வேறு யார்? மூடிய குழாயைச் சரிபார்க்காமல் சிலுவை போட்டு அனுப்பியது அவருடைய கவனக்குறைவு என்று ஒரு காகிதம் தயாரானது. கெமிஸ்ட் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். வேலையில் செத்தவரின் வீட்டில் ஒருவருக்கு வேலை கொடுப்பது அங்கே வழக்கம். தன் தவறால் செத்தவர் என்று எழுதியாகிவிட்டதால் மோசஸின் தம்பிக்கு அது கிடைக்கவில்லை.

பொங்கல் கழித்து ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பஸ்ஸில் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கிறிஸ்மஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம் வாசலில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அவர் நைனா என்னைக் கண்டதும் எழுந்துகொள்ளப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். மூச்சு இழுத்துக்கொண்டே பேசினார்.

"எம் புள்ள ஒழுங்கா பாக்காம வுட்டுட்டான்னு சொல்றாங்களே சார். நெசமா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க பெரியவரே" என்றேன்.

அவர் தலையை ஆட்டி ஆட்டி யோசித்தார். "அவன் சோறு துன்ற தட்டக்கூட ஒருதபா தட்டிப் பாப்பான் சார்" என்றார். எஸ்தர் டீ கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். சொல்ல இன்னொரு நாள் வரும் என்று நினைத்தேன். என்னிடம் நாட்களுக்குப் பஞ்சமில்லையே.

அந்த வருஷ மழைக்காலத்தில் மோசஸின் நைனா போய்ச் சேர்ந்தார். எஸ்தர் ஆந்திரா எல்லையில் தடாவுக்கு அந்தப் பக்கம் தாய் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். தம்பி லாரியில் கிளீனராகப் போனவன், எந்த ஊரில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. கிரேன் ஓட்டுபவரும் காலமாகிவிட்டார். நான் வேலை மாறினேன், மேலே வந்தேன், பெண்ணைக் கட்டிக்கொடுத்தேன், மாப்பிள்ளை சுருட்டு வாங்கி வருகிறார்.

பற்ற வைத்துத்தான் பார்த்தேன். "என்ன மாமா, தோல் வாசனை வருதா?" என்று ஆசையாகக் கேட்டார். "கொள்ளு வறுக்கிறாங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுப்பாகம் வந்ததும் அணைத்துவிட்டேன். மூன்றாவது வீட்டுக்கு என்னால் போக முடியவில்லை.

மறுநாள் பஸ் ஏறிப் பழைய ஆலைப் பக்கம் போனேன். உலை இருந்த இடம் இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களுக்குக் கிடங்கு. யார்டுச் சுவர் மட்டும் அதேதான். முழுக்க வெள்ளையடித்திருந்தார்கள். கிட்டே போய் விரலால் தடவிப் பார்த்தேன், நீளக்கால் சிலுவை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தச் சுவரிலும் இரும்பிலும் மோசஸ் போட்டவை ஆயிரக்கணக்கில் இருக்கும், அத்தனையும் உண்மை. பொய்ச் சிலுவை ஒன்றே ஒன்றுதான், அதைப் போட்டது நான். இதைக் கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் போன பிறகு உங்களிடம் சொல்கிறேன்.